களிமண் ட்ராக்கில் பிட்டுக்குள் போய் டிரைவரிடம் பேசுவது எப்படி? சிங்கப்பூரிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

மரினா பேயில் 2008இல் தொடங்கிய இரவுப் பந்தயம்தான் நம்மில் பலருக்குக் கார் பந்தயத்தை அறிமுகப்படுத்தியது. ஆனால் அங்கே கார்களுக்கும் டிரைவர்களுக்கும் பக்கத்தில் நாள் முழுக்க இருக்க வேண்டுமென்றால் பேடக் கிளப் டிக்கெட் வேண்டும். விலை பல ஆயிரம் வெள்ளி. களிமண் ட்ராக்கில் கதையே வேறு. கடைசிப் பந்தயம் முடிந்ததும் பல ட்ராக்குகளில் பிட், அதாவது குழுவினர் கார்களை நிறுத்தித் தயார்செய்யும் இடத்தின் கேட்டைத் திறந்துவிடுகிறார்கள். சாதாரண டிக்கெட்டில் வந்த குடும்பம் நேராக உள்ளே போய், சற்று முன் ஜெயித்தவரின் கையைப் பிடித்துப் பேசலாம். இந்த விளையாட்டில் எனக்கு ரொம்பப் பிடித்ததே இதுதான். இதற்காகவே ஒருமுறை விமானம் ஏறலாம் என்பேன்.

முதல் படி: பெர்த்தைத் தேர்ந்தெடுங்கள்

சிங்கப்பூரில் களிமண் ஓவல் ட்ராக் இல்லை. நமக்கு வசதியானது மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த். சாங்கியிலிருந்து ஐந்து மணி நேரப் பயணம். ஆண்டு முழுக்க நம் நேரமும் அவர்கள் நேரமும் ஒன்றுதான். நகரத்துக்குத் தெற்கே க்வினானாவில் இருக்கிறது பெர்த் மோட்டர்ப்ளெக்ஸ். 2000ஆம் ஆண்டு திறந்தது. அதற்கு முன் பல தலைமுறைகளாகப் பந்தயம் நடந்தது நகருக்குள்ளேயே இருந்த கிளேர்மாண்ட் ஸ்பீட்வேயில். பந்தயக் காலம் அவர்களுடைய கோடையில், ஏறத்தாழ அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. நம் பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறை சரியாக இதற்குள் வருகிறது.

சிங்கப்பூர் பாஸ்போர்ட் இருந்தால் ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி போதும், கைபேசியிலேயே எடுத்துவிடலாம். நிரந்தரவாசியாக இருந்து இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு வருகையாளர் விசா தேவை; அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். பந்தயம் இரவில் முடிவதால் வாடகைக் கார் எடுப்பதே நல்லது. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், நம் உரிமமும் செல்லும்.

இரண்டாம் படி: அட்டவணையைக் கவனமாகப் படியுங்கள்

மோட்டர்ப்ளெக்ஸில் இரண்டு ட்ராக் உண்டு. ஒன்று நேர்கோட்டில் ஓடும் ‘டிராக் ரேஸ்’ (drag race) பாதை. இன்னொன்று 500 மீட்டர் களிமண் ஓவல், அதாவது நீள்வட்டப் பாதை. அட்டவணையில் ‘ஸ்பீட்வே’ என்று போட்டிருக்கும் நாளைத்தான் நீங்கள் தேட வேண்டும். அதிலும் ‘ஸ்பிரிண்ட்கார்’ என்ற, தலைக்கு மேல் விங் வைத்த பந்தயக் கார்கள் ஓடும் இரவாகப் பாருங்கள். பிட் எத்தனை மணிக்குத் திறக்கும், அன்றைக்குத் திறப்பார்களா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மழை வந்தால் பந்தயமே நின்றுவிடும். அதனால் திரும்பும் விமானத்தை மறுநாள் காலையிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாம் படி: என்னென்ன எடுத்துப்போவது

காதுக்குப் பாதுகாப்பு கட்டாயம். பிள்ளைகளுக்குப் பஞ்சு அடைப்பான் போதாது, காதை முழுக்க மூடும் மஃப் வாங்குங்கள். மூடிய ஷூ போடுங்கள். செருப்போடு பிட்டுக்குள் போகக் கூடாது. வெள்ளைச் சட்டை வேண்டாம், வளைவுப் பக்கம் உட்கார்ந்தால் களிமண் துண்டுகள் தலையில் வந்து விழும். அப்புறம், முறுக்கும் மசாலாப் பொடியும் பெட்டியில் இருந்தால் ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால்தான் அபராதம்.

நான்காம் படி: பிட்டுக்குப் போகும் முன் ட்ராக்கைப் பாருங்கள்

பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். டிரைவரிடம் பேச விஷயம் கிடைப்பது இங்கேதான்.

சாயங்காலம் சீக்கிரமே போய்விடுங்கள். முதல் சுற்றுகளில் களிமண் ஈரமாக, கருப்பாக இருக்கும். டயர் நன்றாகப் பிடிக்கும், கார்கள் எங்கு வேண்டுமானாலும் ஓடும். ஹீட் எனும் தகுதிப் பந்தயங்கள் ஒவ்வொன்றாக முடிய முடிய உள்வட்டம் காய்ந்து, வழுவழுவென்று பளபளக்க ஆரம்பிக்கும். கார்கள் வாரி எறியும் தளர்ந்த மண் வெளிப்பக்கத்தில் ஒரு வரப்பாகச் சேரும். இனி டிரைவருக்கு இரண்டு வழிதான். உள்ளே வழுக்கலில் மெதுவாக, பதறாமல் ஓட்டலாம்; அல்லது சுவரை ஒட்டி அந்த வரப்பில் பின் சக்கரத்தைச் சாய்த்துக்கொண்டு பறக்கலாம். யார் எந்தச் சுற்றில் வழியை மாற்றினார் என்று ஒரே ஒரு காரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.

ஸ்பிரிண்ட்காரைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மெத்தனாலில் ஓடும் என்ஜின், சுமார் 900 குதிரைத்திறன். ஸ்டார்ட்டர் கிடையாது, பின்னாலிருந்து வண்டி வைத்துத் தள்ளித்தான் கிளப்புகிறார்கள். தலைக்கு மேல் பெரிய விங் ஒன்று காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. ட்ராக் காயக் காய, அந்த விங்கை டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பின்னுக்கு நகர்த்திக்கொள்வார். வலது பின் டயர் இடதை விடப் பெரியது. இடப்பக்கமாகத் திரும்புவதற்குத்தான் அந்த ஏற்பாடு.

ஐந்தாம் படி: கேட் திறந்ததும்

பந்தயம் நடக்கும்போது ஆஸ்திரேலியாவில் பிட்டுக்குள் குழுவினருக்கும் உரிமம் உள்ளவர்களுக்கும்தான் அனுமதி. அந்த நேரத்தில் உள்ளே போகக் கேட்காதீர்கள். கடைசிப் பந்தயம் முடிந்து, மேடையில் பரிசு கொடுத்து, ஒலிபெருக்கியில் அறிவித்த பிறகு கூட்டத்தோடு போங்கள்.

உள்ளே நுழைந்ததும் கண்ணை இரண்டு பக்கமும் வைத்திருங்கள். கார்களைத் தள்ளும் வண்டிகளும் நாலு சக்கர பைக்குகளும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். காரின் பக்கவாட்டில் தெரியும் புகைக் குழாய் அப்போது நெருப்பாகக் கொதிக்கும், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிகரெட் கூடவே கூடாது. மெத்தனால் பற்றிக்கொண்டால் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது.

எல்லாரும் ஜெயித்தவரின் டிரெய்லருக்கு ஓடுவார்கள். நீங்கள் எதிர்ப்பக்கமாக நடந்து, நீங்கள் பின்தொடர்ந்து பார்த்த காரைத் தேடுங்கள். எட்டாவதோ பத்தாவதோ வந்திருக்கட்டும். அங்கே அப்பா ஒரு பிளாஸ்டிக் தகட்டால் விங்கில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருப்பார். தம்பி வலது பின் டயரின் ரப்பரைக் கையால் தடவி, எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பான். டிரைவரின் முகத்தில் கண்ணைச் சுற்றி மட்டும்தான் மண் இருக்காது. காலடியில் ஹெல்மெட் கண்ணாடியிலிருந்து கிழித்துப்போட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் கிடக்கும். இவர்களில் பெரும்பாலோர் வார நாட்களில் வேறு வேலை பார்ப்பவர்கள். பட்டறை, சுரங்கம், சொந்தத் தொழில் என்று. சம்பளப் பணத்தைப் போட்டுத்தான் பந்தயம் ஓட்டுகிறார்கள். தூரத்து ஊரிலிருந்து ஒரு குடும்பம் தங்கள் காரைத் தேடி வந்து நின்றால் அவர்களுக்கு உண்மையாகவே மகிழ்ச்சி.

ஆறாம் படி: பேசுவது

குழுவில் ஓய்வாக நிற்பவரிடம் முதலில், “பார்க்கலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரே டிரைவரைக் கூப்பிடுவார். “வாழ்த்துகள், ஒரு செல்ஃபி” என்று முடித்துவிடாதீர்கள். ட்ராக் இன்று எப்படி இருந்தது என்று கேளுங்கள். எந்தச் சுற்றில் மேல் வரப்புக்குப் போனீர்கள், ஏன்? விங்கை எவ்வளவு பின்னால் தள்ளினீர்கள்? அவர் தரையில் விரலால் வளைவை வரைந்தே காட்டுவார். நாள் முழுக்க யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கார் மோதி உடைந்திருந்தால் அந்தக் குழுவைச் சற்று நேரம் விட்டுவிடுங்கள். ஸ்ப்ரிங்குகளையும் ஷாக்குகளையும் கிட்டே போய்ப் படமெடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். அந்த அமைப்புகள் அவர்களுடைய ரகசியம். பிள்ளைகள் இருந்தால் காருக்குள் உட்காரலாமா என்று தயங்காமல் கேளுங்கள், பலர் தாங்களே தூக்கி வைப்பார்கள். தடித்த மார்க்கர் ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள். டிரெய்லரில் டீ சட்டை விற்றால் ஒன்று வாங்குங்கள். அடுத்த வாரத்து டயர் செலவுக்கு அது உதவும்.

பெர்த் பழகிய பிறகு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து வார்னம்பூலில் ஜனவரியில் நடக்கும் கிராண்ட் ஆன்யுவல் ஸ்பிரிண்ட்கார் கிளாசிக், அதற்கடுத்து அமெரிக்கா. அயோவா மாநிலத்தின் நாக்ஸ்வில் நேஷனல்ஸ் ஆகஸ்டில், 1961இலிருந்து நடக்கிறது. கைல் லார்சன், அமெரிக்காவின் பெரிய கார் பந்தயத் தொடரான நாஸ்கார் கோப்பையை வென்ற அதே 2021இல் இங்கேயும் ஜெயித்தார். அவ்வளவு பெரிய டிரைவரும் அதே மண்ணில்தான் நிற்கிறார்.

அமெரிக்காவில் முறை கொஞ்சம் வேறு. பல ட்ராக்குகளில் பிட் பாஸ் என்று தனி டிக்கெட் விற்கிறார்கள். அதை வாங்கினால் பந்தயத்துக்கு முன்பே உள்ளே போய், குழுவினர் டயர் மாற்றுவதையும் கியர் மாற்றுவதையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பதிலுக்கு, விபத்து நடந்தால் ட்ராக் பொறுப்பல்ல என்ற படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்தைக் கேட்பார்கள். அண்ணன் பிள்ளையையோ அக்கா பிள்ளையையோ அழைத்துப்போவதாக இருந்தால், ட்ராக்குக்கு எழுதிக் கேட்டு அந்தப் படிவத்தை முன்பே வாங்கி, கிளம்பும் முன் பிள்ளையின் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.