போலந்து வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் போகிறீர்களா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து போலந்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போகிற பிள்ளைகள் கிளம்பும்போது என்னிடம் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஸ்வெட்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும். டிசம்பர் 24 ராத்திரி யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் எப்படிப் போவது என்று கேளுங்கள், சொல்கிறேன். அந்தச் சாப்பாட்டுக்கு விகிலியா என்று பெயர். அவர்களுக்கு வருஷத்திலேயே பெரிய ராத்திரி அதுதான். கூப்பிட்டால் தட்டாதீர்கள்.

வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் உட்காருவார்கள். அந்த மாதத்தில் அங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும், அதனால் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் வயிற்றைக் கொஞ்சம் காயப்போடுங்கள்.

பூ வாங்கிப் போவது வழக்கம். ஒற்றைப்படையாக வாங்குங்கள், சாமந்தி மட்டும் வேண்டாம். ராயக்கோட்டையில் சாமந்தி பயிர் செய்கிற குடும்பம் எங்களுடையது. நமக்கு அது சாமிக்குப் போடுகிற பூ. அங்கே நவம்பர் 1-ம் தேதி கல்லறையில் வைக்கிற பூ. கூடவே கிருஷ்ணகிரி மாங்கூழ் டப்பா ஒன்று கொடுங்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒப்வாதெக் வரும். மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட, காகிதக் கனத்து வெள்ளை அப்பம். மேலே தொழுவமும் குழந்தை ஏசுவும் பதிந்திருக்கும். ஆளுக்கொன்று கையில் தருவார்கள். உடனே வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒருவர் உங்கள் எதிரில் வந்து நிற்பார். அவருடையதில் நீங்கள் ஒரு துளி, உங்களுடையதில் அவர் ஒரு துளி பிட்டுச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் வாழ்த்த வேண்டும். பாட்டிக்கு மூட்டுவலி குறையணும், பையனுக்குப் பரீட்சை நல்லபடியா முடியணும் என்று அந்தந்த ஆளுக்கென்று சொல்வார்கள். அதனால் வீட்டில் யார் யார், என்ன செய்கிறார்கள் என்று கூப்பிட்டவரிடம் முன்னாலேயே விசாரித்து, ஆளுக்கு ஒரு வரியாவது தயார் செய்துகொள்ளுங்கள். புதுச் சட்டையைவிட இதுதான் முக்கியம். சிலர் கண் கலங்கிக் கட்டிக்கொள்வார்கள். கூச்சப்படாதீர்கள்.

மேஜை விரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல் இருக்கும், ஏசு பிறந்த தொழுவத்தின் நினைவாக. எதிர்பாராமல் வருகிறவருக்கென்று ஒரு தட்டு காலியாக வைத்திருப்பார்கள். எங்கே உட்காரணும் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள்.

மொத்தம் 12 வகை. ஏசுவின் 12 சீடர்கள் கணக்கு. கறி கிடையாது, மீன் உண்டு: பொரித்த கெண்டை, ஊறவைத்த ஹெரிங். மீனும் சாப்பிடாதவர்கள் இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பீட்ரூட் சூப், முட்டைக்கோஸும் காளானும் அடைத்த பியெரோகி (பார்க்க நம்ம கொழுக்கட்டையேதான்), கசகசா அடைத்த ரொட்டி, உலர்பழம் வேகவைத்த கொம்போட் என்று நிறைய இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரு வாயாவது எடுக்கணும் என்பது முறை. முதல் இரண்டிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். காரம் இருக்காது, காளான் வாசனையைக் கவனித்துச் சாப்பிடுங்கள், அதில்தான் அவர்கள் கைப்பக்குவம் இருக்கிறது.

கழுவிக் காயவைத்த கெண்டைச் செதில் ஒன்றைக் கொடுத்தால் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் முழுக்கக் காசு தங்கும் என்பது நம்பிக்கை.

அப்புறம், மிச்சத்தைக் கட்டிக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். 25, 26 இரண்டு நாளும் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். ராத்திரி பஸ்ஸும் டிராமும் குறைவு, திரும்பி வர வழியை முன்னாலேயே பார்த்து வையுங்கள்.