மாநில அரசின் மூன்று கிளைகள்: ஜல்லிக்கட்டுச் சட்டத்தின் வழியே அறியும் முறை

சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்று பள்ளியில் ஒப்பித்த பாடம் தேர்வோடு மறந்துவிடுகிறது. தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டுச் சட்டம் போன வழியே நாமும் போய்ப் பார்த்தால் அது மறக்காது.

முதல் படியாக, சட்டத்தின் பொருள் எந்தப் பட்டியலில் வருகிறது என்று பாருங்கள். விலங்குவதைத் தடுப்பு, ஒன்றியமும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலைச் சேர்ந்தது; அதில் 1960-ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் ஏற்கெனவே இருப்பதால், அதற்கு முரணான மாநிலச் சட்டம் நிலைக்க வேண்டுமானால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவை. மாநிலம் 2009-இல் இயற்றிய ஜல்லிக்கட்டு முறைப்படுத்தும் சட்டம், இந்த ஒப்புதல் இல்லாமல் ஒன்றியச் சட்டத்தோடு முரண்பட்டதால், 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றத்தில் ரத்தானது.

அடுத்து, சட்டத்தை யார் இயற்றினார்கள் என்று பாருங்கள். ஜல்லிக்கட்டை மீண்டும் அனுமதிக்க 2017 ஜனவரி 21 அன்று வந்தது அவசரச் சட்டம். பேரவை கூடியிராத வேளையில் அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர் பிறப்பிப்பது அது. அதாவது, நிர்வாகமே தற்காலிகமாகச் சட்டம் செய்கிறது. கிளைகளுக்கு இடையே பாடநூல் போடும் கோடு இங்கே சற்று அழிந்துவிடுகிறது. ஜனவரி 23 அன்று பேரவை சட்ட முன்வடிவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரும் ஒப்புதல் அளித்தார்.

மூன்றாவது படியில்தான் நிறையக் கற்கலாம். ஜனவரி முதல் மே வரை, 'மாநில அரசு அறிவிக்கும்' நாட்களிலும் இடங்களிலும் நடப்பதே ஜல்லிக்கட்டு என்கிறது சட்டம். 'அறிவிக்கும்' என்ற அந்த ஒரு சொல்லால் பொறுப்பு கோட்டையிலிருந்து மாவட்டத்துக்கு இறங்குகிறது: விதிகளை வகுப்பதும் ஊர்களை அரசிதழில் அறிவிப்பதும் அரசுத் துறையின் வேலை, அனுமதி தருபவர் மாவட்ட ஆட்சியர், வாடிவாசலுக்குப் போகுமுன் காளையைச் சோதிப்பவர் கால்நடை மருத்துவர். சட்டமன்ற உறுப்பினர் எவரும் இந்த வரிசையில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக, தீர்ப்பைப் படியுங்கள். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 மே 18 அன்று இந்த 2017 சட்டம் செல்லும் என்றது. ஜல்லிக்கட்டு பண்பாட்டின் பகுதி என்று சட்டமன்றம் கொண்ட முடிவில் தலையிட மறுத்த அமர்வு, விதிகள் கண்டிப்பாகப் பின்பற்றப்படுவதற்கு மாவட்ட நிர்வாகமே பொறுப்பு என்றும் கூறியது. ஆகவே, உங்கள் ஊருக்கு அனுமதி கிடைக்காவிட்டால் முதலில் மனுக் கொடுக்க வேண்டிய இடம் ஆட்சியர் அலுவலகம். அங்கே மறுத்தால், அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம்.