பச்சைக் குழந்தைக்கு முத்தம் கொடுப்பது எப்படி?

பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தையைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் சோப்பு போட்டு 20 நொடி கை கழுவுங்கள், அப்புறம் தூக்கலாம். முகத்தில் முத்தம் வேண்டவே வேண்டாம். உதட்டோரம் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் நமக்கு ஒரு வாரத் தொல்லை, ஆனால் எதிர்ப்புச் சக்தி வளராத அந்தப் பச்சை உடம்பில் அது மூளை, கல்லீரல் வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம், கொப்புளம் கண்ணுக்குத் தெரியாத நாளிலும் எச்சிலில் அந்த வைரஸ் இருக்கலாம்.

சரி, கொஞ்சாமல் எப்படி இருப்பது? நம் பாட்டிமார் செய்வதைப் பாருங்கள். விரல் நுனிகளால் குழந்தையின் கன்னத்தை மெல்ல வழித்து, அதே விரல்களைக் குவித்துத் தன் உதட்டில் வைத்து ‘உம்மா’ என்பார்கள். எவ்வளவு அழகான முத்தம் அது! ஒன்றே ஒன்று, உதட்டில் பட்ட விரலால் மறுபடி குழந்தையைத் தொடாதீர்கள்.

உச்சி முகர்வது பெற்றவர்களுக்கு இருக்கட்டும், அவர்களுக்கும் சளி இல்லாத நாளில்தான். உங்களுக்கு இருமலோ காய்ச்சலோ இருந்தால் போகாதீர்கள், வீடியோ காலில் பாருங்கள். குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடம்பு சுட்டாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.