வாக்கிங்கோ ட்ரெட்மில்லோ, சென்னைக்காரர்கள் சறுக்கும் இடங்கள்

மெஷின் திரையில் வேகம் (மணிக்கு கி.மீ.) 6 என்று ஓடும். இரண்டு கைகளும் கைப்பிடியில் இருக்கும். வீட்டு ட்ரெட்மில்லில் அதிகம் நடக்கும் தவறு இது. எடையில் ஒரு பங்கைக் கம்பி தாங்குவதால் காலுக்கும் இதயத்துக்கும் வேலை குறைகிறது. திரையோ கைவீசி நடந்ததாகவே கலோரிக் கணக்குப் போடுகிறது. கையை விட்டால் தடுமாறுகிறீர்கள் என்றால் வேகத்தை 4.5க்கு இறக்குங்கள். அது பழகியபின் சாய்வை 1 அல்லது 2 சதவீதம் ஏற்றலாம். பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. நாகேஸ்வரராவ் பூங்காவில் நடந்தாலும் இதே அளவுகோல்தான்.

வெளியே நடப்பவர்கள் தவறுவது நேரத்தில். மே மாதம் சூரியன் 5.45க்கெல்லாம் வந்துவிடும், ஏழரைக்குக் கிளம்பினால் அது வாக்கிங் அல்ல, வதை. விடியற்காலையிலும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாததால் உடல் சூடு இறங்காது, எனவே மார்கழியில் போன வேகத்தைக் கத்திரியில் எதிர்பார்க்காதீர்கள். கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், வந்ததும் மோர்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்நிலைக்கு இறக்கக்கூடிய மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் வேகமாக நடந்தால் கை நடுங்கி மயக்கம் வரலாம். சட்டைப் பையில் 15 கிராம் குளுக்கோஸ் இருக்கட்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் மெரினா மணலில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கண்ணாடிச் சில்லு குத்தினாலும் தெரியாது, புண் பெரிதானபிறகுதான் தெரியும். மற்றவர்களுக்கும் அலையோர ஈர மணல் ஒரு பக்கம் சரிந்திருப்பதால் முட்டி வலிக்கும், நடைபாதையே மேல்.

நடைபாதை இல்லாத தெருவில் வலது ஓரமாக, வண்டிகளை எதிர்கொண்டு நடங்கள். காதில் இயர்போன் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நின்றால் திறந்த பாதாளச் சாக்கடையும் தெரியாது, மின் பெட்டியில் கசிவு இருந்தாலும் தெரியாது. அன்றைக்கு நடந்தே தீருவேன் என்பது வீரமல்ல. ட்ரெட்மில்லுக்கு உண்மையான வேலையே அந்த நாட்களிலும் கத்திரியிலும்தான்.

வாங்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் பீக் குதிரைத்திறனை நம்பாதீர்கள். மோட்டார் சில நொடிகள் மட்டும் எட்டும் அளவு அது. தொடர்ந்து தரும் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். நடக்க மட்டும் என்றால் பெல்ட் குறைந்தது 40 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் இருக்கட்டும். நேராக மின்விசிறிக்குக் கீழே போடாதீர்கள். தளமே 15 செ.மீ. உயரம், அதன்மேல் உயரமானவர் நின்று கை தூக்கினால் என்ன ஆகும்? பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் பால்கனியில் வைத்தால் உப்புக்காற்றில் போல்ட்டும் ரோலரும் துருப்பிடிக்கும். பாதுகாப்புச் சாவியின் (தடுமாறி விழுந்தால் கழன்று மெஷினை நிறுத்துவது) கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் ஏறவே வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில்தான் மெஷின்கள் வீணாகின்றன. தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ ஊற்றினால் பெல்ட் கெட்டு, தூசி பசைபோல் ஒட்டும். சிலிகான் எண்ணெய் மட்டுமே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் நடுப்பகுதி வரை பக்கத்துக்கு 10 மி.லி. விடுங்கள். பிறகு ஆளில்லாமல் மெதுவாக 3 நிமிடம் ஓடட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். தயாரிப்பாளரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே சரி. பெல்ட் வலப்பக்கம் ஒதுங்கினால் பின்னால் உள்ள வலது போல்ட்டை வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். ஒரேயடியாக முழுச் சுற்று திருப்பினால் பெல்ட் எதிர்ப்பக்கம் ஓடி ஓரம் கிழியும்.

கடற்கரைக்குப் போட்ட ஷூவோடு மெஷினில் ஏறாதீர்கள். அடிப்பள்ளத்தில் ஒட்டிய மணல் பெல்ட்டுக்கு அடியில் புகுந்தால் உப்புத்தாள்போல் தேய்க்கும். வீட்டுக்கென்று தனி ஜோடி வையுங்கள்.