அலையும் சிலந்திக்குப் பெயர் வைக்கும் முன்

இரவில் டோர்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு இலங்கைத் தேயிலை மலையோரத்து ஓடைக்கரையில் நடந்தால், சருகுக்குள் கண்கள் மின்னும். மின்னுவதெல்லாம் அலையும் சிலந்தி என்று குறித்துவிடாதீர்கள். ஓநாய்ச் சிலந்தியின் கண்ணும் அப்படித்தான் மின்னும். கண் வரிசையை எண்ணுங்கள். அலையும் சிலந்திகளான டெனிடே குடும்பத்துக்கு முன்னிருந்து இரண்டு, நான்கு, இரண்டு. ஓநாய்ச் சிலந்திக்கு நான்கு, இரண்டு, இரண்டு.

அதிகம் பேர் சறுக்குவது இதிலல்ல, வளராத சிலந்தியை வைத்துப் புது இனம் என்று விவரிப்பதில்தான். மஸ்கெலியாப் பக்கம் பிடித்த ஒன்றின் முதுகில் அழகான வெளிர் பட்டை இருந்தது. புது இனம்தான் என்று நம்பி, அந்தப் பட்டையை வரைவதிலேயே மூன்று இரவைக் கழித்தேன். அப்புறம்தான் வாயருகே இருக்கும் சிறு கை போன்ற பெடிபால்ப்பை லென்ஸில் பார்த்தேன். நுனி மொட்டுப் போல உப்பியிருந்தது, உள்ளே ஒரு வடிவமும் இல்லை. அது கடைசிச் சட்டையை இன்னும் உரிக்காத ஆண். வளர்ந்த ஆணுக்கு அங்கே கொக்கியும் ஊசி போன்ற குழலும் தெளிவாகத் தெரியும். இனத்துக்கு இனம் மாறுவது அந்த வடிவம்தான். முதுகின் நிறம் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும், மாதிரியைக் கெடாமல் வைக்கும் சாராயத்தில் (எத்தனாலில்) போட்டால் வெளுத்தும் போகும். அதனால் உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள்.

பெண்ணுக்கு வயிற்றின் அடியில் இருக்கும் இனப்பெருக்கத் தட்டைப் பார்க்க வேண்டும். வெளிப்பக்கத்தை மட்டும் வரைந்தால் போதாது. தட்டைக் கவனமாகப் பிரித்தெடுத்து, உட்புறக் குழாய்களையும் வரையுங்கள். ஒரே இரவில், ஒரே ஓடையில் கிடைத்ததற்காக ஆணையும் பெண்ணையும் ஜோடி சேர்ப்பதும் ஆபத்து. இரண்டு இனம் ஒரே சருகில் வாழலாம்.

சரி, லேபிள். “ஹட்டன்” என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயன்படாது. நம் மலைகளில் ஓடையிலிருந்து உச்சிக்கு ஏறுவதற்குள் காடே மாறிவிடுகிறது. தோட்டம், அதன் டிவிஷன் (பிரிவு), உயரம், தேதி, சருகிலா மரப்பட்டையிலா என்பது எல்லாம் வேண்டும். பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும்.

பழைய பெயர்களை அப்படியே நம்பவும் கூடாது. டெனஸ் என்ற பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பு, 1805-இல் வந்தது. ஆசியாவின் பல இனங்களை நெடுங்காலம் அதற்குள்ளேயே போட்டு வைத்திருந்தார்கள். 2022-இல் சிலந்தி ஆய்வாளர் பீட்டர் யேகர், பாடகர் டேவிட் போவியின் நினைவாக போவி என்ற புதுப் பேரினத்தை உருவாக்கி, அவற்றில் சிலவற்றை அதற்கு மாற்றினார். ஆகவே, இலங்கைப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு “இது புதிது” என்று முடிவுகட்டாமல், தென்னிந்திய, தென்கிழக்காசிய இனங்களின் படங்களோடும் ஒப்பிடுங்கள். பிரித்தானியர் காலத்தில் இங்கிருந்து போன மூல மாதிரிகளை, அதாவது முதன்முதலில் இனத்துக்குப் பெயர் வைக்கப் பயன்பட்ட சிலந்திகளை, தேடி லண்டன் அருங்காட்சியகம் வரை கடிதம் எழுத வேண்டிவரலாம், எழுதுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு, வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியை எடுத்துக்கொள்ளுங்கள்.