கம்மல் திருகுல கெடச்ச வேதபாடம்

பிள்ளைங்களுக்கு பைபிள் வசனம் சொல்லிக் குடுக்க தனியா நேரம் தேடாதீங்க, அன்னைக்கு வீட்ல என்ன நடந்துச்சோ அதுலருந்தே ஆரம்பிங்க. போன வாரம் பொண்ணோட கம்மல் திருகு காணாம போச்சு, போன் டார்ச்ச அடிச்சு கட்டிலுக்கு அடியெல்லாம் பெருக்கி, கடைசில மிதியடிக்கு கீழ கெடச்சப்போ அவ குதிச்ச குதி இருக்கே! அந்த சூட்டோடயே லூக்கா 15:8, பத்து வெள்ளிக்காசுல ஒண்ண தொலைச்சவ விளக்கு கொளுத்தி வீட்டப் பெருக்கி தேடுனாளே, அத சொன்னேன். ரெண்டே நிமிஷம், அதுக்கு மேல இழுத்தா கொட்டாவிதான். "அப்போ நாமதான் அந்தத் திருகாம்மா?"ன்னா. நான் விளக்கப் போகல. திட்டும்போது மட்டும் வசனத்த எடுக்காதீங்க, அப்புறம் பைபிள்னாலே திட்டுதான் ஞாபகம் வரும். இட்லி மாவு பொங்குற அன்னைக்கு மத்தேயு 13:33ல வர்ற புளிச்ச மாவு உவமைய வச்சுக்கோங்க, பாத்திர மூடிய அவங்களயே தொறக்க விடுங்க.