சொல்லாமல் போய்விடும் புதியவர்கள்

"எங்கள் திட்டத்துக்கு ஆளே வருவதில்லை" என்று ஓப்பன் சோர்ஸ் (யாரும் கோடைப் பார்த்துத் திருத்தக்கூடிய) மென்பொருள் திட்டங்களை நடத்தும் மெயின்டெய்னர்கள் சொல்லும்போது என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடிவதில்லை. ஆட்கள் வருகிறார்கள். ரெப்போவை (கோட் தொகுப்பை) இறக்கி, அது பில்ட் ஆகாமல் (இயங்கும் மென்பொருளாக மாறாமல்) ஒரு மாலை முழுக்க மல்லாடிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்விடுகிறார்கள். அவர்கள் வந்துபோன தடம் எங்கும் பதிவாவதில்லை.

ஆகவே முதல் தவறு, நிறுவும் குறிப்பை எழுதிவிட்டு அதைச் சோதிக்காமல் விடுவது. எழுதியவரின் கணினியில் வேண்டிய லைப்ரரி எல்லாம் ஏற்கெனவே இருக்கும். விடுபட்ட படி அவர் கண்ணில் படாது. புதிதாகப் போட்ட லினக்ஸில், குறிப்பில் உள்ளதை மட்டும் வரிவரியாகச் செய்து பாருங்கள். பில்ட் நேரத்தையும் குறைக்கப் பாருங்கள். பயர்பாக்ஸில் பட்டன், மெனு போன்றவற்றைத் திருத்த வருபவர் சி++ மொழியில் எழுதிய பகுதியைக் கம்பைல் செய்து காத்திருக்க வேண்டாம். பயர்பாக்ஸை உருவாக்கும் மொஸில்லா முன்பே கட்டிவைத்த பைனரிகள் (இயக்கத் தயாரான கோப்புகள்) தாமாக இறங்கிவிடும். 'ஆர்ட்டிஃபாக்ட் பில்ட்' என்பார்கள்.

அடுத்த தவறு, ஒரு வேலைக்கு 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவர் தொடங்க ஏற்றது) என்று லேபிள் ஒட்டிவிட்டு, ஒற்றை வரி விளக்கத்தோடு விட்டுவிடுவது. புதியவருக்கு ஏற்ற வேலையை எடுத்துக் கொடுப்பதை லிப்ரெஆபிஸ் என்ற ஆபிஸ் மென்பொருள் திட்டம் அழகாகச் செய்தது. 2010 செப்டம்பரில் ஓப்பன்ஆபிஸிலிருந்து பிரிந்தபோது அவர்கள் கைக்கு வந்தது மலைபோல் குவிந்த பழைய கோட். அதன் பூர்வீகம் ஸ்டார்ஆபிஸ் என்ற ஜெர்மன் மென்பொருள் என்பதால், உள்ளே ஏராளமான கமெண்ட்கள் (கோடுக்கு இடையே எழுதும் விளக்கக் குறிப்புகள்) ஜெர்மனில் இருந்தன. அவற்றை ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலையைப் புதியவர்களுக்கென்றே எடுத்துவைத்தார்கள். சி++ ஆழமாகத் தெரியாதவரும் அதை வைத்து முதல் பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்பலாம். ரிவியூ (வந்த திருத்தத்தைப் பரிசீலிப்பது) எப்படி நடக்கிறது, எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் போகிற போக்கில் பிடிபட்டுவிடும். இன்றும் அங்கே 'ஈஸி ஹேக்' என்று குறிக்கும் வேலைகளில் எந்த இடத்தில் தொடங்குவது, எவ்வளவு கடினம், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சேர்த்தே எழுதுகிறார்கள்.

இப்படிக் குறிப்பு எழுத அரை மணி நேரம் ஆகும். "அதற்குள் நானே சரி செய்துவிடுவேனே" என்று தோன்றும். உண்மைதான், ஆனால் தயவுசெய்து செய்யாதீர்கள். அவசரமில்லாத சின்ன பக்குகளை (பிழைகளை) விட்டுவையுங்கள். அனுபவசாலிகள் அவற்றையும் முடித்துவிட்டால், புதியவருக்கு மிஞ்சுவது யாருமே தொட விரும்பாத சிக்கல்கள்தான்.

சரி, பேட்ச் வந்துவிட்டது. அப்புறம் வாரக்கணக்கில் பதிலே இல்லை என்றால்? எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். ரஸ்ட் என்ற நிரல்மொழியின் திட்டத்தில் பேட்ச் வந்ததுமே ஒரு பாட் (தானியங்கி நிரல்) ரிவியூவரை ஒதுக்கிவிடுகிறது. யாரைக் கேட்பது என்று அனுப்பியவருக்குத் தெரியும். சிறிய திட்டத்துக்குப் பாட் வேண்டாம், "பார்த்தேன், சனிக்கிழமை ரிவியூ செய்கிறேன்" என்ற ஒரு வரி போதும். சனிக்கிழமை உட்காரும்போது இடைவெளி, கமா பற்றி இருபது குறிப்பு எழுதாதீர்கள். அதை ஃபார்மேட்டர் என்ற கருவி பார்த்துக்கொள்ளட்டும். அவர் எந்தச் சிக்கலைத் தீர்க்க முயன்றாரோ அதைப் பற்றி முதலில் பேசுங்கள்.